பிறகு நினைவூட்டு

அந்த அறிவிப்பு முதன்முதலாக வந்தபோது நான் ஒரு காதுகுத்துப் பத்திரிகைக்குத் தாய்மாமன்களின் பெயர்களை அடித்துக்கொண்டிருந்தேன். மொத்தம் ஆறு மாமன்கள். நான்காவது மாமனுக்கு வந்தபோது திரையின் நடுவில் ஒரு பெட்டி குதித்து நின்றது. உங்கள் ஈமெயில் மென்பொருளின் புதிய பதிப்பு தயாராக இருக்கிறது, மாற்றிக்கொள்கிறீர்களா என்று இங்கிலீஷில் கேட்டது. கீழே இரண்டு பொத்தான்கள். ஒன்று ‘இப்போதே’, இன்னொன்று ‘பிறகு நினைவூட்டு’. வேலை நேரத்தில் குறுக்கே வந்து நிற்பவர்களை எனக்கு ஆகவே ஆகாது. பிறகு என்பதை அழுத்தி அதை விரட்டிவிட்டு ஐந்தாவது மாமனுக்குப் போனேன்.

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. ஒன்றரை வருடம் அப்படியே ஓடியது. காலையில் ஷட்டரைத் தூக்கி, வாசல் தெளித்து, கம்ப்யூட்டரைப் போட்டால் முதல் வேலை அந்தப் பெட்டியை விரட்டுவதுதான். சில நாட்களில் அன்றைக்கு என்னிடம் கேள்வி கேட்ட முதல் ஆளும் கடைசி ஆளும் அதுவாகத்தான் இருக்கும்.

என் கடை திண்டிவனத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. டைப்பிங், டி.டி.பி., ஜெராக்ஸ், லேமினேஷன் என்று பலகையில் எழுதியிருக்கும். மாடியில் ஒரே ஓர் அறை. அம்மா இருந்தவரை அதில் இரண்டு பேர், பிறகு நான் மட்டும். நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகாத பெண்ணிடம் ஊர் சில கேள்விகள் கேட்கும். நான் கொடுத்த பதில்களில் ஒவ்வொருவராகக் கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள். அதில் ஒரு நஷ்டம் உண்டு என்று பின்னால்தான் தெரிந்தது. கேள்வி கேட்பவர்கள் போய்விட்டால் கூடவே பேச்சுக்கொடுப்பவர்களும் போய்விடுகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்து வந்தால், திங்கட்கிழமை யாராவது ரேஷன் கார்டோடு வந்து நிற்கும்வரை வாயைத் திறக்க எனக்கு வேலையே இருக்காது.

அந்தப் பெட்டியை விரட்டியதற்குக் காரணம் சோம்பல் இல்லை. பழைய மென்பொருளுக்குள் என் தங்கை எழுதிய கடிதங்கள் இருந்தன.

நாங்கள் விழுப்புரத்தில் வளர்ந்தவர்கள். அப்பாவுக்கு ஜங்ஷனில் வேலை. மாவட்டம் பிரிந்த தொண்ணூற்று மூன்றாம் வருடம், கலெக்டர் ஆபீஸ் இங்கேயே வரப்போகிறது, டைப் அடிக்கத் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு உட்காரவைக்கப் போகிறார்கள் என்று ஊரே நம்பியது. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மிஷின் கிடைக்காமல் வரிசையில் நின்றோம். நானும் தங்கையும் காலை ஆறு மணி பேட்ச். என் விரல் வேகம், அவள் விரல் சுத்தம். ஆனால் ஒரு கெட்ட பழக்கம் மட்டும் அவளுக்குக் கடைசிவரை போகவில்லை. முற்றுப்புள்ளி வைத்ததும் இடைவெளிக் கட்டையை இரண்டு முறை தட்டுவாள். மாஸ்டர் ஸ்கேலால் விரலில் தட்டிப் பார்த்தார். “ஒரு வாட்டி தட்டுனா மூச்சு வாங்க முடியல சார்” என்றாள். அவரே சிரித்துவிட்டார்.

எங்களை யாரும் கூப்பிட்டு உட்காரவைக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அவள் கன்னியர் மடத்தில் சேர்ந்தாள். சேரும் முந்தைய வாரம்வரை என்னிடம்கூடச் சொல்லவில்லை. கோபத்தில் மூன்று நாள் அவளோடு பேசாமல் இருந்தேன். அம்மாவுக்கோ தலைகால் புரியவில்லை. அதுவரை கோயிலில் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தவள், சிஸ்டரைப் பெற்ற அம்மா என்று முன்வரிசைக்கு வந்துவிட்டாள். அப்பா இறந்த பிறகு நான் அம்மாவை அழைத்துக்கொண்டு திண்டிவனம் வந்து கடை போட்டேன். விழுப்புரத்தில் தெருவுக்கு நான்கு டி.டி.பி. கடை வந்துவிட்டிருந்தது.

இரண்டாயிரத்தில் தங்கையை ஆப்பிரிக்காவுக்கு அனுப்பினார்கள். அவள் புறப்படும்போது நான் கொடுத்தது ஒரு ஃப்ளாப்பி. கடை கம்ப்யூட்டரோடு பாண்டிச்சேரியில் வாங்கிய தமிழ் எழுத்துரு அதில் இருந்தது. இருவரும் இதையே போட்டுக்கொண்டால் இன்ஸ்டிட்யூட்டில் படித்த விசைகளிலேயே தமிழில் எழுதிக்கொள்ளலாம். அதை ஜெபமாலைப் பையில் வைத்து எடுத்துப்போனாள்.

மாதத்துக்கு ஒரு முறை அவர்களுடைய வண்டி பக்கத்து டவுனுக்குப் போகும்போது அவளும் போய் மெயில் அனுப்புவாள். இங்கே டெலிபோன் வயரைச் செருகி, அது கீச்சுக்கீச்சென்று கத்தி ஓய்ந்த பிறகு கடிதம் கம்ப்யூட்டருக்குள் இறங்கும். உடனே இணைப்பைத் துண்டித்துவிட்டு நிதானமாகப் படிப்பேன். பேசுவது போலவே எழுதுவாள், வேர்க்கடலையைக்கூட ஊர் வழக்கப்படி மல்லாட்டை என்றுதான். “அக்கா இங்கயும் மல்லாட்டை இருக்குக்கா.  வேவ வச்சி ரோட்ல விக்கறாங்க.  நம்ம ஊர்து மாதிரியேதான், ஆனா உப்பு போட மாட்டேங்கறாங்க.” இன்னொரு கடிதத்தில், “சோள மாவுல களி கிண்டறாங்க.  கேப்பைக் களி மாதிரி தொண்டையில வழுக்கிக்கினு போகல.  நானே கிண்டறேன்னு போயி கரண்டிய ஒடச்சிட்டேன்.” மடத்துக்கு வரும் போகும் காகிதக் கடிதங்களைப் பெரியவர்கள் பார்ப்பார்களாம். அதனால் மனசில் இருப்பதெல்லாம் மெயிலில்தான். ஒவ்வொன்றின் கடைசியிலும் ஒரே வரி இருக்கும்: “படிச்சதும் அழிச்சிடுக்கா.”

நான் ஒன்றைக்கூட அழிக்கவில்லை.

மூன்று வருடம் கடிதங்கள் வந்தன. பிறகு ஒருநாள் பங்குச் சாமியார் பூசை நேரம் இல்லாத நேரத்தில் கடைக்கு வந்து, ஸ்டூலில் உட்காராமல் நின்றார். காய்ச்சலாம். ஐந்து நாளாம். அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்களாம். சில வாரங்கள் கழித்துக் கல்லறையின் படம் ஒன்று தபாலில் வந்தது. சிவப்பு மண், வெள்ளைச் சிலுவை, அதில் இங்கிலீஷில் அவள் மடத்துப் பெயர். வீட்டில் நாங்கள் கூப்பிட்ட பெயர் அதில் இல்லை.

எங்கள் ஜனங்கள் நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளன்று இறந்தவர்களிடம் போவார்கள். முந்தைய நாளே புல் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து வைத்துவிட்டு, அன்றைக்குச் சாமந்தியும் மெழுகுவத்தியுமாகப் போய் நிற்பார்கள். நானும் விழுப்புரம் போய் அப்பா கல்லறையில் நிற்பேன். அம்மா இறந்த பிறகு அவளும் அங்கேயே. ஆனால் தங்கைக்கு எங்கே போவது? எனவே திண்டிவனம் திரும்பியதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கம்ப்யூட்டரைப் போட்டு, யூ.பி.எஸ். பெட்டியின் மேல் ஒரு மெழுகுவத்தி ஏற்றி, அவளுடைய கடிதங்களில் ஒன்றை மட்டும் திறந்து படிப்பேன். வருடத்துக்கு ஒன்று. யாராவது பார்த்தால் இவளுக்குக் கழன்றுவிட்டது என்பார்கள். யூ.பி.எஸ். மேல் மெழுகு வழிந்து காய்ந்து கிடந்ததை ஒருமுறை ரிப்பேருக்கு வந்தவர் சுரண்டிக்கொண்டே, “கரண்ட் போனா சமாளிக்கறதுக்குதான் இதயே வாங்கி வச்சிருக்கீங்க, இதும்மேலயே மெழுகுவத்தியா மேடம்?” என்றார்.

ரிப்பேருக்கு வருகிறவர் விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட ஐந்தாறு வயது சிறியவர். இந்த மாவட்டத்தில் என் கோபத்துக்கு அசராத ஒரே மனிதர். ஒன்றரை வருடம் அந்த அறிவிப்பை விரட்டிய பிறகு, மழை தொடங்கியதும் நானே அவருக்குப் போன் போட்டு வரச்சொன்னேன். பிரம்மதேசத்திலிருந்து ஒரு பெரியவர் கும்பாபிஷேகப் பத்திரிகைக்கு மேட்டரையும் படங்களையும் மெயிலில் அனுப்பிவிட்டு நேரில் வந்து நின்றார். எனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. பழைய பதிப்பு அவ்வளவு பெரிய படங்களை வாங்க மறுத்திருக்கிறது. அவர் என்னைத் திட்டக்கூட இல்லை, எதிர்க்கடைக்குப் போய்விட்டார். அதே வாரத்தில் இன்னொரு அறிவிப்பு வந்தது. நவம்பர் நடுவிலிருந்து பழைய பதிப்பில் மெயில் எதுவுமே இறங்காது. இந்த முறையும் ‘பிறகு’ என்ற பொத்தான் இருந்தது, ஆனால் பக்கத்திலேயே எத்தனை நாள் பாக்கி என்று போட்டிருந்தது.

ரிப்பேர்காரர் வந்து, தங்கையின் கடிதம் ஒன்றைத் தன் லேப்டாப்புக்கு எடுத்து, புதிய பதிப்பில் திறந்து காட்டினார். திரை முழுக்கக் குப்பை. இங்கிலீஷ் எழுத்துகளின் தலையில் புள்ளியும் கோடும் கொம்பும் முளைத்திருந்தன.

“இந்த ஃபான்ட்ட இப்ப ஒருத்தனும் வச்சிக்கினு இல்ல மேடம். புதுசு இத ஒத்துக்காது.”

“மாத்திக் குடுக்கறதுக்கு ஏதோ இருக்குன்னு சொன்னீங்களே?”

“அதயும் போட்டுப் பார்த்துட்டேன். அதுங்க லிஸ்ட்லயே இந்த ஃபான்ட்டு இல்ல. பாண்டில எவனோ சொந்தமா செஞ்சி வித்திருக்கான். பேஜாரு புடிச்ச வேல.”

“அப்ப இந்தக் கம்ப்யூட்டர அப்படியே ஓரமா வச்சிட்டு, கடைக்கு வேற வாங்கிக்கறேன்.”

அவர் குனிந்து பெட்டியில் காதை வைத்தார். என்னையும் வைக்கச் சொன்னார். உள்ளே டொக், டொக் என்று ஏதோ இடித்துக்கொண்டிருந்தது. “டிஸ்க்கு போய்க்கினு இருக்கு மேடம். இன்னிக்கோ நாளைக்கோ. இதுல இருக்கறத நம்பாதீங்க. பிரிண்ட் எடுத்து வச்சிக்கோங்களேன், ஜல்தி முடிஞ்சிரும்.”

“பேப்பர்ல இருக்கக் கூடாது.”

“ஏங்க?”

“கூடாதுன்னா கூடாதுங்க.”

அவர் பையை மூடிக்கொண்டே, “அப்ப உக்காந்து மொத்தத்தயும் புதுசா அடிங்க, டைப்பிங் கடைதான வச்சிருக்கீங்க” என்றார். கிண்டலாகத்தான் சொன்னார். பஸ்ஸுக்கு அவர் போன பிறகும் நான் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளே தொடங்கினேன். திரையின் இடப்பக்கம் பழைய கடிதம், வலப்பக்கம் புதிய எழுத்துருவில் வெற்றுத் தாள். மதியம் ஒரு மணியிலிருந்து மூன்றுவரை கடையில் ஈ ஆடாது. அந்த நேரம்தான். டைப் அடிப்பவர்களுக்கு ஒரு வசதி உண்டு. கண் பார்க்கும், விரல் அடிக்கும், மனசு நடுவில் வராது. இருபது வருடமாக இறப்புச் சான்றிதழ் மனுவும் விவாகரத்து நோட்டீசும் அப்படித்தான் அடித்து வந்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில்தான் உட்கார்ந்தேன். ஆனால் அவள் முற்றுப்புள்ளிகளுக்குப் பிறகு இரண்டு முறை தட்ட வேண்டியிருந்தது. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் என் கட்டை விரல் அவளாக மாறியது.

இரண்டு முறை தட்டாமல் விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். முடியாது. கடை போட்ட புதிதில் ஒரு கருமாதிப் பத்திரிகை வந்தது. மகன்களின் பெயர்களில் மூத்தவர் கடைசியில் இருந்தார். பாவம், தெரியாமல் எழுதிவிட்டார்கள் என்று நானே அவரைத் தூக்கி முதலில் வைத்து அடித்துக்கொடுத்தேன். அப்பன் சாகும்வரை எட்டிப் பார்க்காதவன் என்று தம்பிகள் வேண்டுமென்றே கடைசியில் போட்டிருக்கிறார்கள். பத்திரிகை ஊர் முழுக்கப் போன பிறகுதான் பார்த்தார்கள். கடை வாசலில் பெரிய ரகளை. அன்றோடு முடிவு செய்தேன். வந்த மேட்டரில் ஒரு புள்ளியைக்கூட மாற்றமாட்டேன். யார் கெஞ்சினாலும், எனக்கே தப்பென்று தெரிந்தாலும், எழுதியது எழுதியபடிதான்.

கடைசிக் கடிதங்களுக்கு வந்தபோது கல்லறைத் திருநாள் வந்துவிட்டது. அதை அப்படி நான் தள்ளிக்கொண்டு வந்தேன் என்பதுதான் உண்மை. விழுப்புரம் போய், அப்பா அம்மாவுக்கு மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் பன்னிரண்டு மணி பஸ்ஸில் திரும்பி வந்து உட்கார்ந்தேன். ஒரு கடிதத்தை மட்டும் இத்தனை வருடத்தில் ஒருமுறைகூட நான் திறந்ததில்லை. வந்த அன்று படித்ததோடு சரி.

“அக்கா நான் வந்துடட்டுமா?  லீவுக்கு இல்ல.  மொத்தமா.  இங்க எல்லாரும் நல்லவங்கதான்.  ஆனா ஜெபம் பண்றப்ப வாய் மட்டும்தான் பண்ணுது.  யார்கிட்டயும் சொல்ல முடியல.  உங்கூடவே கடையில டைப் அடிச்சிக்கினு இருந்துடறேன்.  மாடியில ஒரு பாய் விரிக்க எடம் இருக்குமில்ல?  நீ சரின்னு சொன்னா போதும், மத்தத நான் பாத்துக்கறேன்.  படிச்சதும் அழிச்சிடுக்கா.”

அடித்து முடித்தேன். விரல்கள் ஒரு பிழையும் செய்யவில்லை.

‘அனுப்பியவை’ என்ற பிரிவில் என் பதில் இருந்தது. அதையும் அடிக்க வேண்டும். மற்ற பதில்களையெல்லாம் அடித்துவிட்டு இதை மட்டும் விட்டால், அவள் கேட்டதற்கு நான் ஒன்றுமே சொல்லாதது போல ஆகிவிடும். அது இதைவிட மோசம்.

“பைத்தியமா உனக்கு? நீ பாட்டுக்கு வந்து நின்னா அம்மா உயிர விட்டுடும். மடத்துலருந்து ஓடி வந்தவன்னு ஊரே பேசும். நீ நெனச்சப்ப கெளம்பிப் போயிட்ட, நான்தான் இங்க மாட்டிக்கினு கெடக்கறேன். அத என்னிக்காவது நெனச்சிப் பாத்தியா?” இதுவரைக்கும் அடித்தேன். அம்மாவைக் காரணம் காட்டியிருக்கிறேன். அம்மாவிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. எனக்கு இருந்தது கோபம். அந்த மூன்று நாள் கோபம் எட்டு வருடமாகியும் அப்படியே இருந்திருக்கிறது. அவள் இறந்த பிறகு அம்மா இன்னும் ஏழு வருடம் நன்றாக இருந்தாள்.

அடுத்த வரி இடப்பக்கத்தில் இருந்தது. “இப்போ வேணாம். அம்மா காலம் முடியட்டும், அப்பறம் பாக்கலாம்.”

நான் வலப்பக்கத்தில் “வா” என்று அடித்தேன்.

ஒரே எழுத்து. எத்தனை லேசாக விழுந்தது. அதற்கு மேலே இருந்த திட்டுகூட இப்போது அக்காக்கள் வழக்கமாகத் திட்டும் திட்டாக மாறிவிட்டது. திட்டிவிட்டு, கடைசியில் வா என்று கூப்பிடுகிறாள். யாருக்குத் தெரியப்போகிறது? டொக் டொக் என்று இடிக்கும் பெட்டி நாளைக்கோ மறுநாளோ நின்றுவிடும். பழைய கடிதங்கள் குப்பையாகிவிடும். இருக்கப்போவது இந்தத் தாள் மட்டும். படிக்கப்போவதும் நான் மட்டும். அந்த எழுத்தைப் பார்த்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியவில்லை. திண்டிவனம் பஸ்ஸில் அவள் பெட்டியோடு வந்து இறங்குவதுவரை பார்த்துவிட்டேன்.

“ஆதார் அட்டை, ரெண்டு காப்பி போடும்மா” என்று ஒரு பெண் வாசலில் நின்றாள். எழுந்துபோய் முன்னும் பின்னும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். திரும்பி வந்து உட்கார்ந்து, அந்த எழுத்தை அழித்தேன். அழிப்பதற்கு ஒரு தட்டு போதவில்லை, துணைக்காலையும் தனியாக அழிக்கவேண்டியிருந்தது. “இப்போ வேணாம். அம்மா காலம் முடியட்டும், அப்பறம் பாக்கலாம்” என்று எழுதியது எழுதியபடி அடித்தேன்.

பிறகு அவளுடைய கடைசி மெயில். மூன்றே வரி. “சரிக்கா.  இங்க மழ விட்டுடுச்சி.  படிச்சதும் அழிச்சிடு.” ஒவ்வொரு புள்ளிக்கும் இரண்டு முறை தட்டினேன்.

கோப்பைச் சேமித்து, இரண்டு இடத்தில் பிரதி எடுத்தேன். வழக்கம்போல அந்தப் பெட்டி குதித்து வந்து நின்றது. இந்த முறை ‘இப்போதே’ என்பதை அழுத்தினேன். கால் மணி நேரம் ஏதேதோ செய்துவிட்டு, உங்கள் புதிய பதிப்பு தயார் என்றது. கீழே பார்த்தால் எதிர்க்கடைக்குப் போன பிரம்மதேசத்துப் பெரியவரின் மெயில்கூட மறுபடி வந்து இறங்கியிருந்தது. எதிர்க்கடைக்காரர் ராஜகோபுரப் படத்தைத் தலைகீழாகப் போட்டுவிட்டாராம், நீங்களே செய்து கொடுங்கள் என்று எழுதியிருந்தார். செய்து தருகிறேன் என்று பதில் போட்டேன்.

ஷட்டரை இறக்கிவிட்டு மாடிக்குப் போனேன். அம்மாவின் கட்டிலைக் கொடுத்துவிட்ட பிறகு அந்த அறையில் சாமான் அதிகம் இல்லை. என் பாயை விரித்தேன். பக்கத்தில் இன்னொரு பாய்க்கு இடம் தாராளமாக இருக்கிறது.